ஜெர்மனியில் கெமிக்கல் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ்: எவ்வளவு செலவாகும், வகுப்பில் யாரோடு படிப்பீர்கள்

கெமிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது செலவு. அது நியாயம்தான். ஆனால் வகுப்பில் உடன் படிக்கப் போகிறவர்கள் யார், எந்த நாட்டுக்காரர்கள், இளநிலையில் என்ன படித்தவர்கள் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியின் பதில்தான் மொத்தச் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை செமஸ்டரில் முடிப்பீர்கள், ஜெர்மன் பேச வருமா, துறை சார்ந்த பகுதிநேர வேலை கிடைக்குமா, பட்டம் வாங்கிய பிறகு எத்தனை மாதம் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு வேலை தேடுவீர்கள் என்பதெல்லாம் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பணம் அனுப்பும் நாளில் மதிப்பு எவ்வளவோ அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சரியான பெயரில் தேடுங்கள்

நம் ஊரில் ‘கெமிக்கல் இன்ஜினியரிங்’ என்று ஒரே பெயரில் இருக்கும் படிப்பு, ஜெர்மனியில் வரலாற்றுரீதியாக இரண்டு வீடுகளில் வளர்ந்தது. வினைகள், வினையூக்கிகள் பக்கம் வேதியியல் துறைக்குள் இருந்தது. வடித்தல், உலர்த்தல், வெப்ப மாற்றம், பொருள் கடத்தல் போன்றவை இயந்திரவியலை ஒட்டி, ‘ஃபெர்ஃபாரன்ஸ்டெக்னிக்’ என்ற பெயரில் வளர்ந்தன. அதனால் தேடுபொறியில் ‘கெமிக்கல் இன்ஜினியரிங்’ என்று மட்டும் போட்டால் நல்ல படிப்புகள் பல கண்ணிலேயே படாது. பிராசஸ் இன்ஜினியரிங், எனர்ஜி, பயோபிராசஸ், சஸ்டைனபிள் கெமிக்கல் டெக்னாலஜி ஆகிய சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஆங்கில வழியில் படிக்க உதாரணத்துக்குச் சில: மாக்டபர்க் நகரின் ஓட்டோ ஃபான் கெரிக்கே பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் அண்ட் எனர்ஜி இன்ஜினியரிங், எர்லாங்கன்-நூரன்பெர்க் பல்கலைக்கழகத்தில் சஸ்டைனபிள் கெமிக்கல் டெக்னாலஜிஸ், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிராசஸ், எனர்ஜி, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்ந்த ஒரு படிப்பு. (பள்ளி இயற்பியலில் வெற்றிடத்தைக் காட்டும் மாக்டபர்க் அரைக்கோளங்கள் வருமே, அதைச் செய்து காட்டியவர்தான் அந்த கெரிக்கே. அந்த ஊரின் மேயராகவும் இருந்தவர்.) ஆகன், டார்ட்முண்ட் போன்ற இடங்களில் துறை மிக வலுவானது, ஆனால் அங்கே ஜெர்மன் வழிப் படிப்புகளே பிரதானம். மொழியில் ஓராண்டு உழைக்கத் தயாராக இருப்பவர்கள் அவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: கல்விக் கட்டணத்தை மாநிலம் பார்த்துக் கேளுங்கள்

‘ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை’ என்பது பெரும்பாலும் உண்மை, முழுக்க உண்மையில்லை. அங்கே மொத்தம் 16 மாநிலங்கள், கல்வி மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது.

விலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். கார்ல்ஸ்ரூ, ஷ்டுட்கார்ட் இரண்டும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. பவேரியாவில் கட்டணம் வாங்கலாமா என்பதைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்துகொள்ளலாம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள மாணவர்களிடம் மாஸ்டர்ஸுக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. நான்கு செமஸ்டருக்கு 16 லட்சம் அல்லது 24 லட்சம் ரூபாய். தகுதி அடிப்படையில் சலுகை உண்டு, ஆனால் சலுகை கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஒப்பீட்டுக்கு, பக்கத்து நாடான நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு மாஸ்டர்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவுக்கு மேல். கெமிக்கலில் உலகப் புகழ் பெற்ற துறைதான் அது. ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த இரண்டு நாடுகளும் ஒரே வரிசையில் வராது.

கட்டணம் இல்லாத இடங்களிலும் ‘செமஸ்டர் பங்களிப்பு’ என்று ஒன்று உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை. பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டும் இதற்குள் வந்துவிடும். கூடுதலாகக் கேட்கிறார்களே என்று பார்க்காதீர்கள். பயணச்சீட்டு சேர்ந்தது என்றால் அதுதான் மலிவு.

ஒரு எச்சரிக்கை. ‘இலவச ஆலோசனை’ தரும் கன்சல்டன்சிகள் பலவற்றுக்கு வருமானமே தனியார் கல்லூரிகள் தரும் கமிஷன்தான். அரசுப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு எதுவும் தராது. அதனால் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் யூரோ வாங்கும் தனியார் இடத்தை நோக்கியே பேச்சு நகரும். ‘இது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா?’ என்பதை முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பிளாக்ட் அக்கவுண்ட்

விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் போட்டு வைக்கும், மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிய கணக்குதான் பிளாக்ட் அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ, மாதத்துக்கு 992. கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய். இது யாருக்கும் கட்டும் கட்டணமில்லை, உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதாமாதம் உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். இதைச் செலவுப் பட்டியலில் ஒரு தடவையும் மாதச் செலவில் இன்னொரு தடவையும் சேர்த்துப் பயந்துபோகும் பெற்றோர்களை நிறையப் பார்க்கலாம். ஒரு முறைதான் சேர்க்க வேண்டும்.

பணம் அனுப்பும்போது வங்கியில் நோக்கத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு முன்கூட்டியே வரி பிடிக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்வி என்று பதிவானால் விகிதம் குறைவு. வேறு நோக்கம் என்று பதிவாகிவிட்டால் 20 சதவீதம் வரை போகும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் கல்விக்கடன் வாங்கி அந்தப் பணத்தை அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பிடித்தமே கிடையாது. பிடித்த தொகையை வருமானவரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பது சரி, ஆனால் கிளம்பும் அவசரத்தில் அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். பிளாக்ட் அக்கவுண்ட் தொகை 10 லட்சத்தைத் தாண்டுவதால் இது எல்லோருக்கும் பொருந்தும் விஷயம். முடிந்தால் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் மீதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து அனுப்புங்கள்.

இன்னொன்று: ஓராண்டு கழித்து அங்கே குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பணத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். அப்போது நல்ல பகுதிநேர வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும் கைகொடுக்கும். வேலை இல்லை என்றால் மறுபடியும் ஊரிலிருந்து பணம் வர வேண்டும்.

நான்காம் படி: கிளம்புவதற்கு முன் ஆகும் சில்லறைச் செலவுகள்

இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு 17,000 ரூபாய்க்கு மேல். பல பல்கலைக்கழகங்களுக்கு, அவற்றுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து இடத்துக்குப் போட்டால் 195 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. விமானச் சீட்டு, குளிருக்கான உடை, பிளாக்ட் அக்கவுண்ட் சேவைக் கட்டணம், வீட்டு முன்பணம் எல்லாம் சேர்த்தால் பிளாக்ட் அக்கவுண்ட் போக இரண்டு லட்சத்தைத் தாராளமாக ஒதுக்கி வையுங்கள். வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது.

விண்ணப்பத்தை எண்ணிக்கைக்காகப் போடாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்றிப் பார்த்தாலே பாதி தெளிவு வந்துவிடும். அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு சிஜிபிஏ, தேர்ச்சிக்கு ஐந்து என்றால் 2.2 வரும். ஏழரை என்றால் 2.5. அங்கே எண் குறையக் குறைய நல்லது. 2.5-க்கு மேல் போனால் பல இடங்களில் கதவு கடினம்.

ஐந்தாம் படி: மாதக் கணக்கு

மாக்டபர்க் போன்ற நடுத்தர ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாணவர் விடுதியில் அறை வாடகை சுமார் 320 யூரோ. மருத்துவக் காப்பீடு 150 அளவில். நீங்களே சமைத்தால் சாப்பாட்டுக்கு 200. செல்போனுக்கு 15. பொது வானொலி, தொலைக்காட்சிக்காக எல்லா வீடுகளும் கட்டும் ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு 18.36, அறைத்தோழர்கள் இருந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். செமஸ்டர் பங்களிப்பை மாதத்துக்குப் பிரித்தால் 40 என்று வையுங்கள். இதர செலவுக்கு 100. மொத்தம் 850 யூரோவுக்குள். இரண்டு ஆண்டுக்கு 20,400 யூரோ, அதாவது 20 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல்.

மியூனிக்கில் பகிர்வு வீட்டில் ஒரு அறையே 700 யூரோவைத் தாண்டும். அதோடு கல்விக் கட்டணமும் சேர்ந்தால் இரண்டு ஆண்டுச் செலவு மாக்டபர்க்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அங்கே படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு அத்தனை விலை கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம்: மாணவர் விகிதம் 30 வயது வரைதான். சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவர்களுக்கு 30 தாண்டியதும் மாதம் 200 யூரோவுக்கு மேல் ஆகும்.

ஆறாம் படி: வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் 2021-22 வரை சீனர்கள்தான் முதலிடம். அதற்குப் பிறகு இந்தியர்கள். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 49,000-க்கு மேல். அதில் பெரும்பங்கு பொறியியல். ஆங்கில வழி மாஸ்டர்ஸ் வகுப்புகள் பலவற்றில் இந்தியர்களே பெரிய கூட்டம். ஜெர்மன் மாணவர்கள் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில், ஜெர்மன் வழிப் படிப்பில் இருப்பார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் ‘80 நாட்டு மாணவர்கள்’ என்று போட்டிருப்பார்கள். அது முழுப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. உங்கள் வகுப்பின் கணக்கு வேறு.

நம் ஆட்கள் நிறைய இருப்பது கெடுதல் இல்லை. முதல் மூன்று மாதத்தில் அதன் அருமை தெரியும். அறை தேடுவது, பழைய சைக்கிள் வாங்குவது, நகராட்சியில் முகவரி பதிவது, எந்தக் கடையில் அரிசி மலிவு என்பது எல்லாவற்றுக்கும் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அது நிஜமான பணச் சேமிப்பு. ஆனால் இரண்டு ஆண்டும் அதற்குள்ளேயே இருந்தால் ஜெர்மன் வராது. ஜெர்மன் வராவிட்டால் ஆலை வாசலைத் தாண்ட முடியாது. ஆய்வகத்தில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். உற்பத்திப் பிரிவில் முடியாது. பாதுகாப்பு விதிகள், பணி அனுமதிச் சீட்டு, ஷிஃப்ட் ஆபரேட்டரின் பேச்சு, அபாய ஆய்வுக் கூட்டம் எல்லாம் ஜெர்மனில் நடக்கும். அமிலக் குழாய்ப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு எச்சரிக்கை புரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று கெமிக்கல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள் படித்தவர்கள் ஆங்கிலத்தை மட்டும் வைத்து அங்கே வேலை வாங்கிய கதைகளைக் கேட்டு நாமும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மிகவும் பயன்பட்டதாகத் தோன்றுவது பாடக் கையேடு. ஒவ்வொரு படிப்புக்கும் பல்கலைக்கழகம் இதை இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பாடத்தின் கீழும் அது எந்தெந்தப் படிப்புகளுக்குப் பொதுவானது என்று எழுதியிருப்பார்கள். ஜெர்மன் வழி மாஸ்டர்ஸ் மாணவர்களும் எடுக்கும் பாடங்கள் நிறைய இருந்தால் வகுப்பு கலந்திருக்கும். ஆய்வகக் குழுவில் ஜெர்மன் மாணவர் ஒருவராவது இருப்பார். எல்லாப் பாடமும் உங்கள் படிப்புக்கு மட்டுமே என்றால், வெளிநாட்டவருக்கென்றே தனியாக நடக்கும் வகுப்பு அது.

அடுத்தது, அதே துறையில் ஆங்கில வழியில் இளநிலைப் படிப்பு இருக்கிறதா, அங்கே படித்த உள்ளூர் மாணவர்கள் இந்த மாஸ்டர்ஸுக்குத் தொடர்ந்து வருகிறார்களா என்று பாருங்கள். மாணவர் பிரதிநிதிக் குழு ஒன்று ஒவ்வொரு துறையிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, போன ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த நாடுகளிலிருந்து, எத்தனை பேர் நான்கு செமஸ்டரில் முடித்தார்கள் என்று கேளுங்கள். நேரடியாக, மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் எழுதுவார்கள்.

லிங்க்ட்இன்னில் அந்தப் படிப்பை முடித்த முன்னாள் மாணவர்களைத் தேடுங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இளநிலை எங்கே, எந்தத் துறையில் படித்தார்கள், சேர்ந்த மாதத்துக்கும் முடித்த மாதத்துக்கும் இடைவெளி எவ்வளவு, இப்போது என்ன வேலை. இருபது முப்பது பேரைப் பார்த்தாலே ஒரு படம் கிடைத்துவிடும். எந்தத் தரவரிசைப் பட்டியலும் இவ்வளவு சொல்லாது.

நாட்டுக் கலவையைப் போலவே முக்கியம் இளநிலைப் படிப்பின் கலவை. இந்த வகுப்புகளுக்கு மெக்கானிக்கல், வேதியியல், பயோடெக்னாலஜி, பெட்ரோலியம் படித்தவர்களும் வருவார்கள். மெக்கானிக்கல்காரருக்குத் திரவ இயக்கவியல் தண்ணீர் பட்டபாடு, வினைப் பொறியியல் புதிது. வேதியியல்காரருக்கு அப்படியே தலைகீழ். குழுவாகச் செய்யும் வடிவமைப்புப் பாடத்தில் இந்தக் கலவை இருந்தால் எல்லோருமே கூடுதலாகக் கற்கிறார்கள். நம் கல்லூரிகளில் வகுப்பு முழுக்க ஒரே பாடத்திட்டத்தில் வந்தவர்கள் என்பதால் இந்த அனுபவம் பெரும்பாலும் கிடைத்திருக்காது. உங்களிடம் சில அடிப்படைப் பாடங்கள் குறைகின்றன என்று துறை நினைத்தால், கூடுதல் பாடங்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்க்கை தருவார்கள். சேர்க்கைக் கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அது ஒரு செமஸ்டரை விழுங்கிவிடலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வகுப்புகளோடு ஒப்பிட்டால் கெமிக்கல், பிராசஸ் பக்கம் பெண்களின் பங்கு அதிகம். வகுப்பில் தனியாக இருப்போமோ என்ற தயக்கம் இதில் தேவையில்லை.

ஏழாம் படி: கூடுதல் செமஸ்டருக்கு விலை போடுங்கள்

படிப்பு நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். ஆனால் பலருக்கு ஐந்து, ஆறு ஆகிவிடுகிறது. கட்டணம் இல்லை என்பதால் நீட்டிப்பது வலிக்காது என்று தோன்றும். மாதம் 850 யூரோ என்றால் ஒரு செமஸ்டருக்கு 5,100 யூரோ, ஐந்து லட்சம் ரூபாய். அந்த ஆறு மாதம் நீங்கள் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம் தனி. கடன் வாங்கியிருந்தால் இன்னும் சிக்கல். படிப்புக் காலமும் அதற்கு மேல் சில மாதமும்தான் வங்கி அவகாசம் தரும். நான்கு செமஸ்டர் கணக்கில் வாங்கிய கடனுக்கு, ஆறாவது செமஸ்டரில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும்போதே தவணை தொடங்கிவிடும்.

நீளக் காரணம் தேர்வுமுறை. ஒரு தாளை வழக்கமாக மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும், நாட்டில் வேறு இடத்தில் அதே படிப்பைத் தொடர்வதும் கடினம். அரியர் வைத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே ஆபத்து. அதனால் பயந்து தேர்வைத் தள்ளிப்போடுகிறார்கள், படிப்பு நீள்கிறது. பழைய வினாத்தாள், முந்தைய ஆண்டுக் குறிப்புகள், எந்தப் பேராசிரியர் எப்படிக் கேட்பார் என்பதெல்லாம் உள்ளூர் மாணவர்களிடமும் மாணவர் குழுவிடமும் இருக்கும். கலந்த வகுப்பில் இருப்பவருக்கு அது தானாக வந்து சேரும்.

எட்டாம் படி: வேலை செய்து ஈட்டுவது

2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் வேலை இந்த வரம்புக்குள் வராது. குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் செய்தால் மாதம் 1,200 யூரோவைத் தொடும். ஓய்வூதியப் பிடித்தம் போனாலும் மாக்டபர்க் மாதச் செலவு தாண்டி மிச்சம் வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரில் இதை நம்பாதீர்கள். உணவு டெலிவரியும் கிடங்கு வேலையும் உடனே கிடைக்கும். கெமிக்கல் நிறுவனத்தில் ‘வெர்க்ஸ்டூடண்ட்’ (படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யும்) வேலைக்கு ஜெர்மன் கேட்பார்கள். என் கருத்தில் முதல் ஆண்டில் பல்கலைக்கழக உதவியாளர் வேலைதான் சிறந்தது. மணி நேரம் குறைவு, பணமும் குறைவு. ஆனால் பேராசிரியர் உங்களைத் தெரிந்துகொள்வார், ஆய்வேடு எங்கே செய்வது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். மாக்டபர்க்கில் வேதிச் செயல்முறைகளை ஆராயும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்றே இருக்கிறது. அங்கே உதவியாளராகச் சேர்வதற்கும் கிடங்கில் பெட்டி தூக்குவதற்கும் மணிக்கூலியில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டு கழித்து வித்தியாசம் மலையளவு.

ஒன்பதாம் படி: உதவித்தொகை

டாய்ச்லாண்ட்ஷ்டிபெண்டியம் மாதம் 300 யூரோ. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் வழியாகப் போடுங்கள். இதைக் கேள்விப்படாமலே படித்து முடிப்பவர்கள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை, கல்விக் கட்டணமும் இல்லை. வேதிப் பொறியியலை ஒட்டிய திட்டங்களும் அதில் உண்டு. இரண்டு மூன்று நாடுகளில் படிப்பீர்கள். ஒரு திட்டத்தின் உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது அதன் விதி. வகுப்பு கலவையாக இருக்க வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கும் அபூர்வமான ஏற்பாடு. இந்தியர்களுக்குள் போட்டி கடுமையாக இருப்பதற்கும் அதுவே காரணம். செலவு, கலவை இரண்டையும் ஒரேயடியாகத் தீர்ப்பது இது ஒன்றுதான். தகுதியிருந்தால் கட்டாயம் முயலுங்கள்.

தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் உண்டு. இரண்டுக்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு, சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பத்தாம் படி: போட்ட பணம் திரும்புமா என்று நேர்மையாகப் பாருங்கள்

லுட்விக்ஸ்ஹாஃபனில் 1865 முதல் இயங்கும் பிஏஎஸ்எஃப், 1917 முதல் அமோனியா செய்யத் தொடங்கிய லாய்னா, பிட்டர்ஃபெல்ட் என்று வேதித் தொழிலின் வரலாறே ஜெர்மனியில்தான் எழுதப்பட்டது. ஆனால் ரஷ்ய எரிவாயு நின்று எரிசக்தி விலை ஏறிய பிறகு நிலைமை மாறிவிட்டது. 2023-இல் பிஏஎஸ்எஃப் லுட்விக்ஸ்ஹாஃபனில் ஒரு அமோனியா ஆலையையும் நுரைப் பொருள்களுக்கான மூலப்பொருளான டிடிஐ செய்யும் ஆலையையும் மூடுவதாக அறிவித்தது. 2025-இல் டவ் நிறுவனம் போலனில் உள்ள கிராக்கரையும் (நாஃப்தாவை உடைத்து எத்திலீன் போன்றவற்றைச் செய்யும் ஆலை) ஷ்கோபாவ் குளோர்-ஆல்கலி ஆலையையும் 2027 முடிவுக்குள் மூடப் போவதாகச் சொன்னது. இவை மாக்டபர்க்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர்கள். மொத்த உற்பத்தி வேதிப்பொருள் பக்கம் சுருங்குகிறது. மருந்து, உயிரித் தொழில்நுட்பம், மின்கலம், ஹைட்ரஜன், மறுசுழற்சி பக்கம் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அந்த 18 மாதமும் வாடகை உண்டு, காப்பீடு உண்டு. ஆறு மாதம் தேட ஐந்து ஆறு லட்சம் ஆகும் என்று இப்போதே கணக்கில் சேருங்கள். ஏ1 தொடங்கி சி2 வரை போகும் மொழி நிலைகளில், ஜெர்மனில் பி2 நிலை வந்தவருக்கும் ஏ2-வில் நின்றவருக்கும் தேடும் காலம் ஒன்றாக இருக்காது.

இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கேட் எழுதி ஊரிலேயே எம்.டெக். சேர்வது எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை. கேட் தகுதியோடு சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏசி டெக் என்று நல்ல துறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே முடித்துவிட்டு, சம்பளத்தோடு கூடிய ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஜெர்மனி போகிறவர்களும் உண்டு. வீட்டை அடமானம் வைக்காமல் போகும் வழி அது.

காலவரிசை

அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டரில் சேர வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள், கிளம்பும் முன் பி1 தொட முடியும். செப்டம்பர், அக்டோபரில் ஏபிஎஸ்ஸுக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் பதிவு. நவம்பர், டிசம்பரில் பாடக் கையேடுகளைப் படிப்பது, முன்னாள் மாணவர்களைத் தேடுவது, மாணவர் குழுவுக்கு எழுதுவது. எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்களும் பெரும்பாலும் இந்தக் குளிர்காலத்தில்தான் முடியும். மற்ற பல்கலைக்கழகங்களின் கடைசி நாள் மார்ச் முதல் ஜூலை நடு வரை இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொன்றையும் தனியாகக் குறித்து வையுங்கள். கடனுக்கான வேலையை பிப்ரவரியிலேயே தொடங்குங்கள், சொத்துப் பத்திரம் பார்க்க வங்கி எடுக்கும் நேரம் அதிகம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விடுதி அறைக்கு விண்ணப்பியுங்கள், விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் எத்தனை சீக்கிரம் ஏறுகிறதோ அத்தனை நல்லது. விடுதி கிடைக்காமல் தனியாரிடம் போனால் மாதம் நூறு இருநூறு யூரோ கூடும். முடிந்தால் விடுதியில் பல நாட்டவர் சேர்ந்து இருக்கும் பகிர்வு வீட்டைக் கேளுங்கள். தனி அறையைவிட வாடகையும் குறைவு, சமையலறையில் தினமும் ஜெர்மன் பேசியாக வேண்டும்.